பறங்கிமலைப் பீரங்கியும் கணிப்பொறி வலையும்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, மயிலாப்பூரின் வடகோடியில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் அமர்ந்திருந்தேன். சேப்பாக்கம் மைதானத்தில் அன்று கிரிக்கெட் பந்தயம். நண்பரின் பிள்ளைகள் மூவரும் ஒரு கைப்பேசியைச் சுற்றித் தலையோடு தலை முட்ட அமர்ந்து, இணையத்தின் வழியே அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வடக்குத் திசையிலிருந்து கடல் பொங்கினாற்போன்ற ஓர் ஆரவாரம் காற்றில் மிதந்து வந்தது. "யாரோ அவுட்!" என்று மூத்தவன் துள்ளினான். ஆனால் கைப்பேசியின் திரையிலோ பந்து வீச்சாளர் இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை. தம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்! ஏறக்குறைய அரை நிமிடம் சென்ற பிறகே அவர் ஓடி வந்தார், பந்தை எறிந்தார், குச்சிகள் சரிந்தன.

அப்போது இளையவன் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டான். "மாமா, ஓசையைவிட ஒளி பல லட்சம் மடங்கு வேகமாகச் செல்லும் என்று பள்ளியில் சொன்னார்களே? இணையச் செய்தி ஒளியாகத்தானே கண்ணாடி இழையில் போகிறது? பிறகு எப்படி ஓசை முதலில் வந்தது?"

நல்ல கேள்வி. கணக்கைப் பாருங்கள். அந்த மாடிக்கும் மைதானத்துக்கும் இடையே சுமார் 2 கிலோமீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஓசை விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். ஆகவே ஆரவாரம் எங்களை எட்ட ஆறு விநாடி ஆகியிருக்கும். கண்ணாடி இழையில் ஒளியோ விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அந்த 2 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பகுதியே போதும். அப்படியிருந்தும் முயல் தோற்றது, ஆமை வென்றது. முயல் வழியில் எங்கே உறங்கிற்று? அந்த அரை நிமிடம் எங்கே போயிற்று? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய எண்ணுகிறேன்.

தாமதத்தை அளக்கும் கலை நம் சென்னைக்குப் புதிதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே ஒருவர் அதனை மிகப் பொறுமையோடு அளந்திருக்கிறார். நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் எழுந்தது. இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகமே அந்த இடம். அந்த ஆண்டைப் பொறித்து நிறுவிய கருங்கல் தூணை இன்றும் அங்கே காணலாம். அக்கூடத்தில் வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அந்நாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பறங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவது வழக்கம். நுங்கம்பாக்கத்திலிருந்து பறங்கிமலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோல்டிங்ஹாம் என்ன செய்தார் தெரியுமா? பீரங்கியின் வாயில் தீ தெரிவதற்கும், அதன் முழக்கம் காதில் விழுவதற்கும் இடையே செல்லும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு நாள்தோறும் குறித்துவந்தார். 1820, 1821ஆம் ஆண்டுகளில் செய்த இந்தச் சோதனைகளின் முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தன.

பறங்கிமலை முழக்கம் நுங்கம்பாக்கத்தை எட்டச் சுமார் 26 விநாடி பிடித்தது. அது கடந்து வந்த வழியை எண்ணிப் பாருங்கள். கிண்டியைத் தாண்டி, அடையாற்றைத் தாண்டி, சைதாப்பேட்டையைத் தாண்டி, அன்று மாம்பலத்தில் பரந்து கிடந்த பெரிய ஏரியின் பக்கமாக வந்தது. அந்த ஏரியின் படுகையில்தான் பிற்காலத்தில், 1920களில், தியாகராய நகர் உருவாயிற்று.

கோல்டிங்ஹாம் விநாடிகளை மட்டும் குறிக்கவில்லை. வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்று வீசும் திசை ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறித்துவைத்தார். ஏனெனில் தொலைவு மாறாதிருந்தும் நேரம் நாளுக்கு நாள் சற்றே மாறியது. குளிர்ந்த காற்றில் ஓசை மெதுவாகவும் வெப்பக் காற்றில் விரைவாகவும் செல்லும். காற்று உடன் வீசினால் விரையும், எதிர்த்து வீசினால் தளரும். 25 பாகை வெப்பத்தில் 26 விநாடி பிடிக்கும் பயணம், 35 பாகையில் ஏறக்குறைய அரை விநாடி குறைந்துவிடும். இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கிறோம். தாமதம் என்பது அளக்கக்கூடியது என்பது ஒன்று. அது ஒரே எண் அன்று, ஏறி இறங்கும் இயல்புடையது என்பது மற்றொன்று. கணிப்பொறி வலைக்கும் இவ்விரண்டும் அப்படியே பொருந்தும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. கோல்டிங்ஹாமுக்கு ஒரு கடிகாரமே போதுமாயிருந்தது, ஏன்? பீரங்கி வெடித்த கணத்தை அவருக்குத் தீயின் ஒளி உடனே அறிவித்துவிட்டது. 9 கிலோமீட்டரை ஒளி கடக்கும் நேரம் கணக்கிலேயே சேராது. இணையத்தில் செல்லும் செய்தியே ஒளியாகச் செல்கிறது. அதனை முந்திச் சென்று "இதோ, செய்தி புறப்பட்டுவிட்டது" என்று அறிவிக்க வேறொரு தூதுவன் உலகில் இல்லை. அனுப்பும் ஊரில் ஒரு கடிகாரம், பெறும் ஊரில் ஒரு கடிகாரம் வைக்கலாமே என்றால், இரண்டும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பகுதிகூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். அதுவே தனிப் பெரும் பாடு.

ஆகையால் பொறியாளர்கள் வேறு உபாயம் கண்டனர். "நான் கூப்பிடுகிறேன், கேட்டவுடன் நீ எனக்குத் திருப்பிக் குரல் கொடு" என்பதே அது. புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒரே கடிகாரம் காட்டிவிடும். போகவும் வரவும் ஆன மொத்த நேரம் கிடைத்துவிடும். மலைப்பாறையின் எதிரே நின்று கூவி எதிரொலிக்குக் காத்திருப்பது போன்றதே இது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் என்பவர் இதற்கென ஒரு சிறு நிரல் எழுதினார். கடலடியில் ஒலியலை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையை நினைத்து அதற்குப் 'பிங்' என்று பெயரிட்டார். இன்றும் ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறிகளிலும் அந்தக் கட்டளை உண்டு. அது காட்டும் எண் மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பகுதி என்னும் அளவையில் இருக்கும்.

இனி, அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பயணத் தாமதம். இது தொலைவைப் பொறுத்தது. 1870-71இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். 2002இல் அதே இரு நகரங்களுக்கிடையே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை வடம் ஒன்று கடலடியில் அமைந்தது. இழையில் ஒளி 200 கிலோமீட்டரை ஒரு மில்லி விநாடியில் கடக்கும். ஆகவே சிங்கப்பூர் செல்ல 16 மில்லி விநாடி. சென்று திரும்ப 32. இதனைக் குறைக்க எவராலும் இயலாது. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் ஒளி விரைந்து ஓடாது.

தொலைவின் வலிமையை அந்தமான் தீவினர் நன்கு அறிவர். 2020க்கு முன்பு அத்தீவுகளின் வெளித்தொடர்பு செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தது. அத்தகைய செயற்கைக் கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும்; வெற்றிடத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் வானலைக்கே அதற்குக் கால் விநாடி ஆகிறது. மறுமொழி திரும்ப இன்னொரு கால் விநாடி. ஆக அரை விநாடி! 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி வடம் தொடங்கிவைக்கப்பட்டது. எல்லாத் தீவுக் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அந்த முழு நீளத்தையும் ஒளி சென்று திரும்பினால்கூட 23 மில்லி விநாடியே ஆகும். அரை விநாடி எங்கே, இருபத்து மூன்று மில்லி விநாடி எங்கே! சென்னை மருத்துவர் ஒருவர் தீவில் இருக்கும் நோயாளியிடம், "வலி எங்கே இருக்கிறது?" என்று கேட்கும்போது, இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

இரண்டாவது, ஏற்றும் தாமதம். இணையத்தில் செய்தி முழுவதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. அதாவது 12,000 பிட்டு. விநாடிக்கு 10 லட்சம் பிட்டு ஏற்றக்கூடிய இணைப்பில் ஒரு பொட்டலத்தை ஏற்ற 12 மில்லி விநாடி ஆகும். 10 கோடி பிட்டு ஏற்றக்கூடிய இணைப்பானால் ஒரு மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. பேருந்தின் படி அகலமானால் பயணிகள் விரைந்து ஏறிவிடுவார்கள். ஆனால் பேருந்து அடையாறு போய்ச் சேரும் நேரம் அதனால் குறைந்துவிடாதல்லவா?

இங்கேதான் பலரும் மயங்குகிறார்கள். விளம்பரங்களில் "வேகம்" என்று சொல்லப்படுவது உண்மையில் கொள்ளளவே. சென்னைவாசிகளுக்கு இதனை விளக்குவது எளிது. கோடைக் காலத்தில் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைக்கிறோம். அது 9,000 லிட்டர் கொண்டுவரும். ஆனால் நாளை வரும். தெருமுனையில் உள்ள அடிகுழாயோ ஒரு குடம்தான் தரும். ஆனால் இப்போதே தரும். தொட்டி நிரம்ப வேண்டுமானால் லாரி வேண்டும். தாகத்தால் தவிக்கும் குழந்தைக்கு அடிகுழாய்தான் வேண்டும். திரைப்படத்தை இறக்கிக்கொள்வது தொட்டியை நிரப்புவது போன்றது. நேரில் பேசுவதும், தேர்வு எழுதுவதும், மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதும் தாகத்தைத் தணிப்பது போன்றவை. கொள்ளளவு வேறு, தாமதம் வேறு. ஒன்றைப் பெருக்கினால் மற்றது குறைந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

மூன்றாவது, வரிசைத் தாமதம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் சாலைக்கு நடந்து செல்லுங்கள். விடியற்காலையில் சில நிமிடங்களில் போய்விடலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. தெருவின் நீளம் ஓர் அங்குலமும் கூடவில்லை. உங்கள் கால்களும் அவையே. கூடியது கூட்டம்தான். இணையத்தில் பல பாதைகள் சந்திக்கும் இடந்தோறும் 'ரௌட்டர்' என்னும் வழிகாட்டிக் கருவி நிற்கிறது. வரும் பொட்டலங்களை உடனே அனுப்ப முடியாதபோது அது அவற்றை வரிசையில் நிறுத்திவைக்கிறது.

வரிசையின் போக்கு விந்தையானது. டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரில் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909இல் இதன் ஆராய்ச்சிக்கு அடிகோலினார். அவர் தொடங்கிவைத்த கணக்கின்படி, பொட்டலங்கள் முன்னறிய முடியாதபடி தாறுமாறாக வந்துகொண்டிருக்கும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். பாதை பாதி நிரம்பியிருக்கும்போது, ஆளில்லாத பாதையைப் போல் இரு மடங்கு நேரம் ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்து நிரம்பினால் இருபது மடங்கு! கடைசி ஐந்து பங்கு கூட்டம் தாமதத்தை இரட்டித்துவிடுகிறது. "நேற்றுவரை நன்றாக இருந்ததே, இன்று மாலை ஏன் இப்படி?" என்று நாம் அலுத்துக்கொள்வதன் இரகசியம் இதுவே.

இங்கே என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அடையாற்றில் வசிக்கும் என் அண்ணன் மகள் படிப்பை முடித்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வு இணையத்தின் வழியே நடந்தது. அவள் மறுமொழி கூறி முடிக்குமுன் எதிர்ப்பக்கத்தினர் அடுத்த கேள்வியைத் தொடங்குவார்கள்; இருவர் பேச்சும் மோதும்; இருவரும் நிறுத்துவார்கள்; பிறகு இருவரும் ஒருசேரத் தொடங்குவார்கள். அவள் தயங்கித் தயங்கிப் பேசுவதாக அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். வேலை கிட்டவில்லை. என் அண்ணன் மனம் வருந்தி, அதிக வேகம் என்று சொல்லப்பட்ட திட்டத்துக்கு மாறினார். அடுத்த தேர்விலும் அதே கதை. மறுபடியும் மேலே ஒரு திட்டத்துக்கு மாறினார். மாதச் செலவு கூடியதே ஒழியக் குறை தீரவில்லை.

ஒரு நாள் நான் அங்கே சென்றிருந்தபோது, "சித்தப்பா, மாலையில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது? காலையில் தோழிகளோடு பேசும்போது ஒன்றும் ஆவதில்லையே" என்றாள் அவள். அந்தச் சொல்லே எனக்கு வழி காட்டிற்று. பிங் கட்டளையை ஓடவிட்டோம். காலையில் 20, 25 மில்லி விநாடி காட்டியது. மாலையில் 1,000 மில்லி விநாடி! காரணத்தைத் தேடினோம். வீட்டில் இருந்த வேறொரு கைப்பேசி, அன்று எடுத்த படங்களையெல்லாம் மாலைதோறும் தானாகவே தொலைவில் உள்ள சேமிப்புக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. புதிய திட்டங்களில் பெருகியது இறக்கும் அளவு மட்டுமே. ஏற்றும் அளவோ விநாடிக்கு 20 லட்சம் பிட்டாகவே இருந்தது. வீட்டு ரௌட்டரோ பொட்டலங்களை இழந்துவிடக் கூடாது என்னும் நல்லெண்ணத்தில் இரண்டரை லட்சம் பைட்டு, அதாவது 20 லட்சம் பிட்டு வரிசையில் நிறுத்திவைத்தது. 20 லட்சத்தை 20 லட்சத்தால் வகுத்தால் ஒன்று. அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் படங்களின் பின்னால் ஒரு முழு விநாடி காத்து நின்றது!

படம் ஏற்றுவதை நள்ளிரவுக்கு மாற்றினோம். குறை அன்றே தீர்ந்தது. செலவு ஒரு பைசாவும் இல்லை. வரிசைக்கு இடம் மிகையாக இருப்பதால் விளையும் இந்தத் தீமையை 2010ஆம் ஆண்டையொட்டி ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர் அதற்கு ஒரு மருந்து கண்டனர். வரிசையில் நிற்பவை நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் சிலவற்றை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புவோருக்கு "மெதுவாக அனுப்பு" என்று குறிப்பால் உணர்த்துவதே அம்முறை. இன்று அம்முறையைக் கையாளும் ரௌட்டர்கள் கிடைக்கின்றன.

நான்காவது, கருவிகள் ஆராயும் தாமதம். ஒவ்வொரு ரௌட்டரும் பொட்டலத்தின் முகவரியைப் படித்து எத்திசையில் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். இன்றைய கருவிகளில் இது மிக மிகச் சிறியது. ஆனால் மறுமுனையில் உள்ள கணிப்பொறி நம் கோரிக்கையை ஆராய்ந்து விடை தேடுவதற்கு நேரம் எடுக்கலாம். காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் தட்கல் பயணச்சீட்டுக்காக நாடெங்கும் லட்சக்கணக்கானோர் ஒரே கணத்தில் விரலை அழுத்தும்போது, காத்திருப்பது வழியில் மட்டுமன்று, வாசலிலும்தான்.

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். சேப்பாக்கத்து அரை நிமிடம் எங்கே போயிற்று? இந்த நான்கையும் கூட்டினாலும் சாதாரணமாக ஒரு விநாடியும் ஆகாது. மீதி நேரம் வேண்டுமென்றே செய்யப்பட்ட சேமிப்பு. இணையத்தில் பொட்டலங்கள் ஒரே சீராக வருவதில்லை என்று கண்டோம். காற்றுக்கு ஏற்ப மாறிய பீரங்கி ஓசையைப் போல ஒன்று விரைந்து வரும், ஒன்று பிந்தி வரும். வந்தவுடன் காட்டினால் படம் விட்டு விட்டு நடுங்கும். ஆகவே படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, கைப்பேசி முதலில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகே காட்டத் தொடங்குகிறது. ஒரு துண்டு ஆறு விநாடி, மூன்று துண்டு கையிருப்பு என்று கொண்டால், அதுவே பதினெட்டு விநாடி. மைதானத்தில் படத்தைச் சுருக்கிக் கட்டவும், பல ஊர்களுக்குப் பங்கிடவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அரை நிமிடம் நிரம்பிவிடும். முயல் உறங்கவில்லை, நடுங்காமல் நடப்பதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தது! அவ்வாறு சேமித்து வைப்பது பந்தயம் பார்ப்பதற்கு நல்லது. உரையாடலுக்கு ஆகாது. உரையாடலில் ஒரு பக்கத்துச் சொல் மறுபக்கம் சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருப்பது நலம் என்று உலகத் தொலைத்தொடர்புச் சங்கம் பரிந்துரைத்திருக்கிறது. செயற்கைக் கோள் வழிப் பேச்சு ஏன் தடுமாறுகிறது என்பது இப்போது உங்களுக்குப் புலப்படும்.

தாமதத்தை ஒழிக்க முடியாதென்றால் குறைக்கும் வழி யாது? ஒரு வழி, பயணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. நீங்கள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது முகவரி கேட்க ஒரு பயணம், கைகுலுக்க ஒரு பயணம், இரகசியச் சாவி மாற்றிக்கொள்ள ஒரு பயணம், பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு பயணம் என நான்கேனும் நேரக்கூடும். ஒவ்வொன்றும் 200 மில்லி விநாடியாகும் தொலைதேசமானால், முதல் எழுத்தைக் காணுமுன்பே 800 மில்லி விநாடி கழிந்துவிடும். புதிய நெறிமுறைகள் இவற்றில் சிலவற்றை ஒன்றாக இணைத்துவிடுகின்றன.

மற்றொரு வழி, தொலைவையே குறைப்பது. ஒரு காலத்தில் மயிலாப்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பும் அடையாற்றில் மற்றொரு நிறுவனத்தின் இணைப்பும் இருந்தால், நாலைந்து கிலோமீட்டர் செல்ல வேண்டிய செய்தி வெளிநாடு சென்று திரும்பி வருவதுண்டு. இரு நிறுவனங்களும் உள்ளூரில் கைகோக்காததே காரணம். கச்சேரி வீதியிலிருந்து காந்தி நகருக்குச் சிங்கப்பூர் வழியாகப் பயணச்சீட்டு வாங்கினாற்போல! இந்தக் குறையைப் போக்கவே 2003இல் தேசிய இணையப் பரிமாற்ற மையம் அமைந்தது. சென்னையிலும் அதன் சந்திப்பு நிலையம் உண்டு. இன்று பலரும் நாடும் படங்களின், பாடங்களின் பிரதிகளைச் சென்னையிலேயே உள்ள கணிப்பொறிகளில் வைத்துவிடுகிறார்கள். ஊருக்கொரு கிளை நூலகம் வைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆயினும் வடங்கள் அறுந்தால் தொலைவு மீண்டும் தலைதூக்கும். 2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே இரு கடலடி வடங்கள் அறுந்தன. அவற்றுள் ஒன்றின் கிளை சென்னையிலும் கரையேறுகிறது. மேற்கே செல்ல வேண்டிய செய்திகளுள் பல கிழக்கே திரும்பிப் பசிபிக் பெருங்கடலைச் சுற்றிக்கொண்டு சென்றன. எஞ்சிய வழிகளில் கூட்டமும் நெரிந்தது. பயணத் தாமதமும் வரிசைத் தாமதமும் ஒருசேரக் கூடின.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை இந்த வலையைக் கட்டும் பொறியாளர்களாகலாம். எல்லோரும் அதனைப் பயன்படுத்துவோராக இருப்பீர்கள். குறை நேரும்போது பணத்தை எடுக்குமுன் கடிகாரத்தை எடுங்கள். ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, வரும் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அப்போது வீட்டில் எத்தனை பேர் இணையத்தைப் பயன்படுத்தினார்கள், வெளியே மழையா, நீங்கள் ரௌட்டருக்கு அருகில் இருந்தீர்களா, அடுத்த அறையில் இருந்தீர்களா என்பதையும் குறியுங்கள். எல்லா நேரத்திலும் மாறாது நிற்கும் பகுதி பெரும்பாலும் தொலைவின் பங்கு. அதனோடு வாழப் பழக வேண்டும். ஏறி இறங்கும் பகுதி பெரும்பாலும் கூட்டத்தின் பங்கு, அதனைத் திருத்தலாம்.

பறங்கிமலையில் தீ தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, முழக்கம் கேட்டதும் நிறுத்தி, காற்று எத்திசையில் வீசியது என்பதையும் மறவாமல் எழுதிவைத்த அந்த மனிதர் செய்ததும் இதுவே. என் அண்ணன் மகள் மூன்றாம் தேர்வுக்கு அமர்ந்த மாலையில், வீட்டுக் கைப்பேசிகளையெல்லாம் அடக்கிவைத்துவிட்டு, எதிரே சுவரில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டிவைத்திருந்தாள். அதில் "24 மில்லி விநாடி" என்று எழுதியிருந்தது. அன்று அவள் பேச்சு எவர் பேச்சோடும் மோதவில்லை.